ஜெனரேட்டர் நின்ற பிறகு

பெட்டி அந்தச் சின்ன கேசட்டை அவள் விரலிலிருந்து பிடுங்காத குறையாக உள்ளே இழுத்துக்கொண்டது. கிங்ஸ்லி சொன்ன இடத்தில் வைத்தாள், அவ்வளவுதான். ஓர் உறுமல், உள்ளே ஏதோ கிறுகிறுவென்று சுழலத் தொடங்கும் ஓசை, வாய் மூடிக்கொண்டது. மனு வாங்குவதுபோல, என்று தங்கபுஷ்பத்துக்குத் தோன்றியது. மனுவையும் இப்படித்தான் மரியாதையாக வாங்குவார்கள், உள்ளே போகும், அப்புறம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாள். "டேப்புல எவ்வளவு இருக்கோ அவ்வளவு நேரம்க்கா." "கம்ப்யூட்டர்தானப்பா, ஒரு தட்டு தட்டினா ஏறிக்கிடாதா?" "ஒங்க பேத்தி போன்ல படம் ஏத்துத மாதிரியா?" "எனக்கு ஏது பேத்தி? நான் கல்யாணமே கட்டல." "சரி, ஊரான் வீட்டுப் பேத்தி," என்றான் அவன், கொஞ்சமும் அசராமல். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பாளையங்கோட்டையில் போட்டோவுக்கு பிரேம் போடும் கடையின் மாடியில், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய இந்த அறையில், ஒரு காலத்தில் மாதா பாட்டும் கோயில் கொடைக்கான வில்லுப்பாட்டும் பதிவு செய்தவன். டாட் டேப் என்கிற இந்தச் சாதியைப் படிக்கிற பெட்டி இந்த ஜில்லாவிலேயே அவனிடம்தான் மிச்சமிருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். "பாட விட்டுத்தான் ஏத்தணும். குறுக்கு வழி கிடையாது," என்றான். குறுக்கு வழி கிடையாது. எத்தனை துண்டறிக்கைகளில் அவளே அந்த வாக்கியத்தை எழுதியிருக்கிறாள்! அவளுக்கு அவனைக் கொஞ்சம் பிடித்துப்போயிற்று. குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பெட்டியின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். "உள்ள என்ன சுத்துது?" "தலை. டேப்பு மெதுவாத்தான் போவும். தலைதான் கெடந்து சுத்தும்." "அப்ப கட்சி மாதிரின்னு சொல்லு," என்றாள் தங்கபுஷ்பம். "ஜனங்க மெதுவாத்தான் போவாங்க." கிங்ஸ்லி சிரித்த சிரிப்பில் மேசைமேல் இருந்த ஆமவடைத் தட்டு ஆடியது.

ஹெல்கா அனுப்பிய பார்சல் போன மாதம் வந்தது. ஜெர்மனியிலிருந்து, தடித்த அட்டையில், உள்ளே பஞ்சுபோல எதையோ திணித்து, நடுவில் பதினொரு கேசட். ஒவ்வொன்றும் சீட்டுக்கட்டை விடச் சின்னது. பல்கலைக்கழகத்தில் அலமாரியைக் காலி செய்கிறார்களாம், குப்பைக்குப் போகுமுன் உரியவர்களுக்குப் போகட்டும் என்று அனுப்பினாளாம். நல்ல மனுஷி. நீளக் கழுத்து, எந்நேரமும் தோலுரிந்த மூக்கு, ஆண்பிள்ளைச் செருப்பு. தூத்துக்குடி உப்பளத்துப் பொம்பளைகள் வெயிலில் எப்படிக் குரல் கொடுக்கிறார்கள் என்று படிக்க வந்தவள். உலகத்தில் இதற்கெல்லாம் படிப்பு இருக்கிறது என்று அன்றைக்கு எல்லாரும் வாய்பொத்திச் சிரித்தார்கள். ஆனால் ஸ்ட்ரைக் வந்தபோது எந்தப் பத்திரிகைக்காரனும் வரவில்லை, அவள் மட்டும்தான் கையில் அந்தக் கருவியோடு நின்றாள். அந்தக் கடைசிக் கூட்டத்திலும் நின்றாள். எந்த இடத்தில் நின்றாள்? முன்னாலா, பக்கத்திலா? அதுதான் தங்கபுஷ்பத்தை ஒரு மாதமாகத் தூங்கவிடாமல் செய்தது. ஏனென்றால் அன்றைக்குச் சங்கத்துக்காக இவள் லாரிமேல் ஏறிப் பேசத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மைக் செட்டின் ஜெனரேட்டர் விக்கி, இருமி, நின்றுபோயிற்று. அவள் நிற்கவில்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டு வெறும் தொண்டையால் பேசினாள். என்ன பேசினாள்? அதுதான் தெரியாது. இந்த இருபத்தெட்டு வருஷத்தில் அந்தப் பேச்சை அவள் எத்தனையோ முறை தனக்குள் பேசிப் பார்த்துவிட்டாள், ஒவ்வொரு முறையும் அது வளர்ந்தது, உவமானங்கள் ஏறின, நடுவில் ஒரு நீண்ட மௌனம்கூட வந்து உட்கார்ந்துகொண்டது. கேட்டவர்கள் அழுதிருக்க வேண்டும். ஆனால் கேட்டவர்கள் அழவில்லை. கேட்டவர்கள் கேட்கவே இல்லை. முதல் வரிசை திரும்பியது, இரண்டாம் வரிசை திரும்பியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உப்புக்காய்ந்த சட்டை போட்ட முதுகுகளாக அந்த மைதானம் மாறிப்போயிற்று. மறுநாள் காலையில் எல்லாரும் வேலைக்குப் போனார்கள். வேலை இல்லாத மழை மாதங்களுக்கும் சம்பளம் என்ற கோரிக்கை அன்றோடு செத்தது. ஒரு பேச்சு முழுவதையும் முதுகுக்குச் சொன்னவள் இந்த நாட்டில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அந்தப் பேச்சு இருக்கிறதா என்று தெரிந்தால் போதும். முதுகுகள் கேட்காததை இந்தப் பெட்டியாவது கேட்டிருக்கிறதா என்று தெரிந்தால் போதும்.

திரையில் பச்சைக் கோடு துள்ளத் தொடங்கியது, கோடு குவியல்களாயிற்று, வரிசையாக, சின்னதும் பெரியதுமாக, வரப்போரத்து உப்பு அம்பாரங்கள் மாதிரியே. அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. குரலுக்கும் அம்பாரம் உண்டா? தொட்டுப் பார்க்கலாமா என்று கை போயிற்று; கண்ணாடிதான், வெதுவெதுப்பாக இருந்தது. ஸ்பீக்கரில் முதலில் காற்று. அப்பா, அந்தக் காற்று! தோலில் உப்பாக ஒட்டும் காற்று, எப்போதும் குறுக்கே அடிக்கும் கடற்காற்று. பிறகு தூரத்தில் ஒரு குரல்: "தண்ணி வண்டி வந்தாச்சேய்!" கொஞ்சம் கிட்டத்தில் வேறொரு தொண்டை: "தண்ணி வண்டி வந்தாச்சேய்!" இன்னும் கிட்டத்தில் மூன்றாவது. அதன்பின் ஸ்பீக்கரே அதிர நான்காவது. "எதுக்குக்கா ஒண்ணையே நாலு பேரு சொல்லுதாங்க?" என்றான் கிங்ஸ்லி, வடையைப் பிட்டபடி. "உப்பளம்னா மைல் கணக்குல பாத்தி. ஒருத்தி கத்தினா கடைசிக்காரிக்குக் கேக்காது. கைமாத்தி விடுவாங்க," என்றாள் அவள், பராக்காக. "இத ஓட்டிவிட்டுட்டு கூட்டத்துக்குப் போயேன்." "சொன்னேன்ல, குறுக்கு வழி கிடையாதுன்னு. ஓட்டி ஓட்டி நிறுத்தினா டேப்பு தலையில ஒட்டிக்கிடும். ஈரத்துல ஊறின டேப்பு." சரி என்று நாற்காலியில் சாய்ந்தாள். ஹெல்காவின் குரல் வந்தது, அந்தக் கொச்சைத் தமிழ், ஒவ்வொரு எழுத்தையும் கல்லைப்போல எடுத்து வைக்கும் தமிழ்: "நீங்கள் ஏன் கூப்பிடும் ஆளுக்கு முதுகு காட்டி நிற்கிறது?" ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். அவள்தான். வேறு யார் அப்படி அடிவயிற்றிலிருந்து சிரிப்பார்கள். வெயிலாச்சி. "அது அப்படித்தாம்மா," என்றது அந்தக் குரல், அப்போது நாற்பது வயசு, கணீரென்று, "காது பின்னால கேக்கும். வாயி முன்னால போவணும்லா? திரும்பித் திரும்பி நின்னா சேதி போய்ச் சேருமா, பொழுது போய்ச் சேருமா?" சுற்றிலும் பெண்கள் சிரித்தார்கள். என்ன சொன்னாள் என்பது தங்கபுஷ்பத்தின் காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. அந்தத் தொண்டைதான் மனசை அடைத்துக்கொண்டு நின்றது. வெயிலாச்சி கத்தினால் துறைமுகத்தில் புறப்பட்ட கப்பல் நிற்கும் என்பார்கள். அந்தக் கூட்டத்தில் அவள்தான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முதலில் திரும்பிய முதுகு அவளுடையது.

துரோகம். அந்தச் சொல்லை எந்த இடத்தில் கற்றுக்கொண்டாள் என்பதுகூட ஞாபகமிருக்கிறது. கோவில்பட்டியில் தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த வயசில், ஒரு தேநீர்க்கடை வாசலில் யாரோ வீசிவிட்டுப் போன ரோஸ் நிறத் துண்டறிக்கையில். நாலாம் வகுப்போடு நின்ற படிப்பு. து, ரோ, க, ம் என்று விரல் வைத்துக் கூட்டினாள். அதற்கப்புறம் கையில் கிடைத்த துண்டறிக்கையையெல்லாம் படித்தாள், மஞ்சள், பச்சை, வெள்ளை, யாருடையது என்று பார்க்காமல் படித்தாள், அப்புறம் யாருடையது என்று பார்த்துப் படித்தாள், அப்புறம் தானே எழுதினாள். பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு அகர வரிசையில் சொற்கள் வரும். அவளுக்குக் கொட்டை எழுத்தில் வந்தன. சிந்திப்பீர். அணிதிரள்வீர். யாருக்காக? எதற்காக? அந்தச் சொற்களை எடுத்துக்கொண்டுதான் உப்பளத்துக்குப் போனாள். அங்கே அவள் ஒரு நாள்கூட உப்பு வாரியதில்லை. அதை ஒரு கணக்கப்பிள்ளை ஒருமுறை எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான்: "வாருபலகையை எந்தக் கையில பிடிக்கணும்னு தெரியுமாம்மா ஒங்களுக்கு?" தெரியாதுதான். அதனால் என்ன? டாக்டருக்குக் காய்ச்சல் வந்திருக்க வேண்டுமா? அன்றைக்கு அந்தக் கணக்கப்பிள்ளைக்கு வெயிலாச்சிதான் பதில் சொன்னாள், அதை எழுத முடியாது. அப்பேர்ப்பட்ட வெயிலாச்சி. கூட்டத்துக்கு ஒரு மாதம் கழித்து இதே பாளையங்கோட்டையில், இவள் வந்து தங்கியிருந்த தங்கச்சி வீட்டு வாசலில் வந்து நின்றாள், கையில் ஒரு கட்டுப் பனங்கிழங்கு. "அக்கா, நீ சொல்லித்தானக்கா—" என்று தொடங்கினாள். மேலே கேட்கவில்லை தங்கபுஷ்பம். நீ சொல்லித்தானே ஸ்ட்ரைக்கில் இறங்கினோம், நீ சொல்லித்தானே பிள்ளைகளைப் பட்டினி போட்டோம்: அதுதானே வரப்போகிறது? கதவைச் சாத்தினாள். கிழங்குக் கட்டு வாசலில் கிடந்தது. துரோகியின் கிழங்கு. தங்கச்சி எடுத்து அவித்தாள், நல்ல ருசி என்று சொல்லிச் சொல்லித் தின்றாள். இவள் தொடவில்லை. சங்கத்தை விட்டாள், உப்பளத்தை விட்டாள், தூத்துக்குடி பஸ்ஸில் ஏறுவதையே விட்டாள். வெயிலாச்சி இருக்கிறாள் இன்னும், தூத்துக்குடியில் அதே பழைய தெருவில், ஒரு கண் தெரியாமல். யாராவது சொல்வார்கள், இவள் கேட்காததுபோலக் கேட்டுக்கொள்வாள்.

"கூட்டம் வந்துட்டுக்கா," என்றான் கிங்ஸ்லி. ஆமாம், வந்துவிட்டது, குழாய் ஸ்பீக்கரின் இரைச்சல், பிள்ளைகளின் அழுகை, யாரோ யாரையோ "ஏட்டி, இங்கன வா, எடம் போட்டிருக்கேன்" என்று கூப்பிடுவது. அப்புறம் அவள் குரல். "உழைக்கும் உப்பளத் தோழர்களே!" அவள் திடுக்கிட்டாள். இதுவா? இவ்வளவு கீச்சுக்குரலா? தன் குரல் முரசு மாதிரி என்று இத்தனை நாள் எண்ணியிருந்தாள். இது பித்தளைக் குடத்தில் கரண்டியால் தட்டுகிற மாதிரி இருக்கிறது. ஆனால் வேகம் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. காதைச் சாய்த்துக் கேட்டாள், வேறொருத்தியைக் கேட்பதுபோல, இவள் பரவாயில்லையே, மூச்சு விடுமிடம் தெரிகிறது, கைதட்டலுக்கு இடம் விடுகிறாள், தட்டுகிறார்களே, நன்றாகத் தட்டுகிறார்களே! அந்தக் கைதட்டல் அவளுக்கு ஞாபகமே இல்லை. முதுகுகள் வந்து உட்கார்ந்த இடத்தில் கைதட்டலுக்கு இடமில்லாமல் போயிற்று போலிருக்கிறது. பிறகு ஒரு விக்கல். குழாயில் ஒரு 'டொக்'. ஒன்றுமில்லை. அறையில் ஏசியின் சத்தம் மட்டும். "போச்சா? டேப்பு போச்சா?" அவள் எழுந்தே விட்டாள். கிங்ஸ்லி கையால் உட்காரச் சொன்னான், திரையைக் காட்டினான். "பழைய கேசட்டுன்னா தேயும்க்கா, இரையும், கரகரக்கும். இது தேயாது. இருந்தா முழுசா இருக்கும், போனா சுத்தமாப் போயிரும். கோடு படுத்துரும். இந்தா பாருங்க, கோடு படுக்கல. அசையுது." சத்தத்தைக் கூட்டினான். காற்று. காற்றுதான். கடற்காற்று. ஜெனரேட்டர்தான் நின்றிருக்கிறது, டேப் நிற்கவில்லை. அந்தக் காற்றுக்குள் எங்கோ, மிக மிகத் தூரத்தில், கொசு பறப்பதுபோல ஒரு நூல். "அது நான்," என்றாள் தங்கபுஷ்பம். "அது நான்தான்! கூட்டு, இன்னும் கூட்டு." கூட்டினான். காற்றுத்தான் கூடியது. "ரொம்பப் பின்னால நின்னு பிடிச்சிருக்காங்கக்கா. கடைசி வரிசைக்கும் பின்னால." படுபாவி வெள்ளைக்காரி! மேடை ஒரு பக்கம் இருக்க, உலகத்தில் யாராவது கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்று கூட்டத்தைப் பிடிப்பார்களா? பிடிப்பாள், அவள் பேச்சைப் பிடிக்க வந்தவளா, குரல் எப்படிப் போகிறது என்று பிடிக்க வந்தவள்தானே. போயிற்று. இருபத்தெட்டு வருஷம் வளர்த்த பேச்சு கொசுவாகப் போயிற்று. நிறுத்தச் சொல்லலாம் என்று வாயெடுத்தாள்.

அப்போதுதான் அந்தத் தொண்டை வந்தது. தூரத்தில்தான், ஆனால் சொல் சொல்லாக, காற்றைக் கிழித்துக்கொண்டு: "மிஷினுக்குத்தான் தொண்டை போச்சாம், நமக்குப் போவலயாம்!" கொஞ்சம் கிட்டத்தில் வேறொருத்தி: "மிஷினுக்குத்தான் தொண்டை போச்சாம், நமக்குப் போவலயாம்!" இன்னும் கிட்டத்தில் ஒரு கட்டைக்குரல், அதே வரி, முடிவில் ஒரு சிரிப்பு. கடைசியாக ஸ்பீக்கரே அதிர ஒரு கிழவி. சுற்றிலும் சிரிப்பு பரவும் ஓசை. கிங்ஸ்லி வடையைக் கீழே வைத்தான். "தண்ணி வண்டி," என்றான். "அந்தத் தண்ணி வண்டி மாதிரியே வருதுக்கா." அவள் நாற்காலி நுனிக்கு வந்தாள். அந்த வரி அவளுடையது. ஜெனரேட்டர் நின்றதும் அவள் சொன்ன முதல் வரி, இப்போது நினைவு வருகிறது, அச்சு அசல் அதுதான். 'தோழர்களே' என்ற ஒன்றை மட்டும் வெயிலாச்சி முதலிலேயே இறக்கிவிட்டிருந்தாள். கொசு ஒரு முறை பறந்தது. வெயிலாச்சி எடுத்தாள்: "மழைக்குச் சம்பளம் எழுத்துல தந்தாத்தான் பலகையைத் தொடணுமாம்!" வரிசை வரிசையாக வந்தது, கைமாறிக் கைமாறி, ஒருத்தி தொண்டை கட்டியவள், ஒருத்தி மூக்கால் பேசுகிறவள், ஒருத்தி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "பலகையைத் தொடணுமாம்", "தொடணுமாம்", "தொடப்பிடாதாம் அதுவரைக்கும்", என்று கடைசிக் கிழவி அதைக் கெட்டியாக முடிச்சுப் போட்டு வைத்தாள். அவள் பேச்சு இது. முன்னால் நின்ற பேச்சு அல்ல, பின்னால் போய்ச் சேர்ந்த பேச்சு. காது பின்னால கேக்கும். வாயி முன்னால போவணும்லா? கொசு மறுபடி பறந்தது, இப்போது வேகமாக, கோபமாக. அந்தக் கோபம் அவளுக்குத் தெரியும். "முதுகைக் காட்டாதீங்கன்னு சொல்லுதா!" என்றாள் வெயிலாச்சி. அது வந்து சேர்ந்தபோது கடைசிக் கிழவி தடுமாறினாள். "யாருட்டி முதுகைக் காட்டுதா?" "எனக்கென்ன தெரியும்? வந்ததைச் சொல்லு பின்னால." "பின்னால யாரிருக்கா, இந்த வெள்ளச்சிதான் நிக்கா." "அவகிட்ட சொல்லு." ஒரே சிரிப்பு. கிங்ஸ்லியும் சிரித்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

தெரிந்துவிட்டது அவளுக்கு, அடுத்துத் தான் என்ன கத்தினாள் என்று, அது வருமுன்பே. லாரிமேல் நின்ற காலின் அடியில் தகரம் சுட்டது தெரிந்தது, அத்தனை முதுகுகளையும் பார்த்து நெஞ்சு வேகிறது தெரிந்தது, நாக்கின் நுனியில் வந்து நின்ற விஷம் தெரிந்தது. கொசு ஒரே ஒரு முறை பறந்தது. அதற்குப்பின் வெயிலாச்சியின் குரல் உடனே வரவில்லை. காற்று மட்டும். அப்புறம் மெலிதாக, முகத்தை மேடைப்பக்கம் திருப்பிக் கேட்டிருக்கிறாள், அதனால் மெலிதாக: "நெசமாத்தானாக்கா?" காற்று. மறுபடியும்: "அக்கா, நெசமாவா சொல்லுத?" யார் பதில் சொல்வது? அவள்தான் லாரியிலிருந்து குதித்துவிட்டாளே! செருப்பு அறுந்ததைக்கூடப் பார்க்காமல் ரோட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தாளே, நிமிர்ந்த தலையோடு, காட்டிக்கொடுக்கப்பட்டவர்களுக்கே உரிய நிமிர்ந்த தலையோடு! காற்று அடித்தது, அடித்தது. பிறகு வெயிலாச்சி, பாத்தியில் தண்ணி வண்டிக்குக் கொடுக்கும் அதே கணீர்க் குரலில்: "போங்கன்னு சொல்லுதா! போய் நாளைக்கே உப்ப வாருங்கன்னு சொல்லுதா!" வந்தது. வரிசை வரிசையாக வந்தது. அவள் நாக்கிலிருந்து கிளம்பும்போது அதில் இருந்த விஷத்தை முதல் தொண்டை கழுவியது, இரண்டாவது தொண்டை துடைத்தது, மூன்றாவது வரும்போது அது சுத்தமான வார்த்தையாக, சேதியாக, உத்தரவாக வந்தது. "நாளைக்கு உப்பு வாரப் போவணுமாம்." "போவணுமாம்." "போவவா சொல்லுதா?" என்றாள் கடைசிக் கிழவி. "போவத்தான் சொல்லுதா." "எழுதித் தந்துட்டானா மொதலாளி?" "தந்திருப்பான். இல்லன்னா அவ சொல்லுவாளா?" கிழவி யோசிப்பது கேட்டது, யோசிப்பது கேட்குமா? கேட்டது. மூக்கை உறிஞ்சினாள். "புஷ்பம் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள். "வாங்கட்டி, வெள்ளன எந்திரிக்கணும்."

ஜெனரேட்டருக்கு மண்ணெண்ணெய் ஊற்றாதவன் யார்? அவனைப் பிடிக்க வேண்டும். தங்கபுஷ்பத்தின் மூளை கொட்டை எழுத்தில் தலைப்புகளை அடுக்கத் தொடங்கியது, பழக்க தோஷம். யார் காரணம்? சிந்திப்பீர்! மைக் செட்காரன் காரணம். குறுக்கே அடித்த காற்று காரணம். மேடையைக் கிழக்கே போட்டவன் காரணம். ஒரு வசவுக்கும் ஒரு உத்தரவுக்கும் வித்தியாசம் தெரியாத கூட்டம்... அந்த இடத்தில் தலைப்பு அறுந்தது. வித்தியாசம் கேட்டாளே ஒருத்தி. இரண்டு முறை கேட்டாளே, நெசமாத்தானா என்று. "கிங்ஸ்லி, இந்த டேப்பு பொய் சொல்லுமா?" "தேயிற டேப்பு சொல்லும்க்கா. இது சொன்னா முழுசா சொல்லும், இல்லன்னா வாயை மூடிக்கிடும்." அதுவும் சரிதான். முழுசாகச் சொல்லிவிட்டது. மறுநாள் விடியுமுன் அவர்கள் எழுந்து, பழைய சோற்றைக் கட்டிக்கொண்டு, வரப்பில் வரிசையாக நடந்து போனார்கள். அவள் பஸ்ஸின் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள், பார்த்துப் பல்லைக் கடித்தாள். அவர்களும் பஸ்ஸைப் பார்த்திருப்பார்கள், முதலாளி எழுதித் தந்ததை வாங்கிவரப் புஷ்பம் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அந்த மழைக்குச் சம்பளம் வரவில்லை. அடுத்த மழைக்கும் வரவில்லை. அவள் சொல்லை ஒரு சொட்டுச் சிந்தாமல் கடைசி வரிசைவரை ஏந்திக்கொண்டு போனவர்களை அவள் இருபத்தெட்டு வருஷம், காலையில் பல் விளக்கும்போதுகூட, என்ன சொல்லி வைது வந்தாள் என்று நினைத்துப் பார்த்தாள். அந்தச் சொல்லும் நாலு எழுத்துதான், ரோஸ் நிறத் தாளில் விரல் வைத்துக் கூட்டியது. அதை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது? கீழே போட்டால் உடையாது, விழுங்கினால் இறங்காது. வேடிக்கை என்னவென்றால், இவ்வளவுக்கும் நடுவில் அவளுக்கு ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் ஆசையாக இருந்தது: அந்தப் பனங்கிழங்குக் கட்டோடு வாசலில் நின்றவளின் வாக்கியம் எப்படி முடிந்திருக்கும். நீ சொல்லித்தானக்கா போனோம். அப்படித்தானா? வேறு ஏதாவது இருக்குமா? வெயிலாச்சியே இருக்கிறாளே, ஒரு கண் தெரியாவிட்டால் என்ன, தொண்டை இருக்கும். தொண்டை போயிருக்காது.

டேப் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் கலைகிற ஓசை, பாத்திரங்கள் இடிபடும் ஓசை, யாரோ பிள்ளையைத் தோளில் தூக்கும் முனகல், ஹெல்காவின் செருப்பு மணலில் தேயும் ஓசை. எங்கோ இன்னும் ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தாள், கடைசிச் சேதி எட்டாத யாருக்கோ. தங்கபுஷ்பம் நாற்காலியிலிருந்து எழுந்தாள். பையை எடுக்கவில்லை. பிறகு மெதுவாகத் திரும்பினாள், பாதத்தைக் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டாள், முகம் வாசலுக்கும் அதற்கப்பால் தெருவுக்கும் நேராக, முதுகு பெட்டிக்கு நேராக. கழுத்து நரம்பு புடைத்தது. திரையில் அம்பாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து போய்க்கொண்டிருந்தன, அவள் பார்க்கவில்லை.

"போறியளாக்கா?" என்றான் கிங்ஸ்லி. "இன்னும் ஓடுது."

"போவலப்பா," என்றாள் அவள், திரும்பாமல். "கேட்டுக்கிட்டுத்தான் நிக்கேன்."